கட்டிக் கிடக்கும் குதிரைகள்

நாமக்கல் பக்கம் சுற்றுலா வேன் வைத்துப் பிழைப்பவர்களின் மானம் கொல்லிமலையில்தான் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எவன் வண்டி ஏசி போட்டபடியே ஏறுகிறது, எவன் வண்டியில் டிரைவர் நைசாக ஏசியை அணைத்துவிட்டு ஏறுகிறார் என்பதெல்லாம் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் டீக்கடையில் ஒருவர், "உங்க வண்டி இப்ப எப்படிங்க போகுது?" என்று கேட்டால் அது வெறும் நலம் விசாரிப்பு அல்ல.

என்னுடையது 2018-ல் எடுத்த பன்னிரண்டு சீட் வேன். பாரத் ஸ்டேஜ் 4, காமன் ரெயில், டர்போ டீசல். கொரோனாவில் ஷெட்டில் நின்றபடியே என்னிடம் தவணை வாங்கிய வண்டி. அந்தக் கடன் ஒருவழியாக முடிந்த பிறகுதான் எனக்கு ரீமேப் ஆசை பிடித்தது. தவணை இருக்கும்வரை வண்டி ஓடினால் போதும் என்றிருக்கும். தவணை முடிந்துவிட்டால் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றும்.

ஓட்டம் சரியில்லைதான். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இரண்டாவதைப் போட வேண்டியிருந்தது. ஆள் நிறைந்து, மேலே லக்கேஜும் ஏறிவிட்டால் வளைவில் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்த பிறகு ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, அப்புறம்தான் எழுந்திருக்கும். அந்த ஒரு கணத்தில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். சகித்துக்கொள்ளலாம். ஹாரன் அடித்தவன் அடுத்த வளைவில் நம்மைத் தாண்டிப் போகும்போது அவனுடைய பயணிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார்களே, அதுதான் தாங்காது. ரீமேப் யோசனை மைலேஜுக்காக வந்தது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். லேப்டாப், ஒரு கேபிள், கைக்கு அடக்கமான ஒரு டப்பா. அவ்வளவுதான் அவனுடைய ஒர்க்‌ஷாப். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகிக்கொண்டே சொன்னான்: "அண்ணா, கம்பெனிக்காரங்க எஞ்சினைக் கட்டிப் போட்டுத்தான் விக்கறாங்க. உள்ளுக்குள்ள இருபத்தஞ்சு குதிரை சும்மா கெடக்குதுங்க. அவுத்து விட்டாப் போதும்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். நம்முடையதையே நமக்குக் கொடுக்காமல் எவனோ கட்டி வைத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ரீமேப்புக்கு எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்குள் பெரிய பெரிய அட்டவணைகள் இருக்கின்றன. இத்தனை ஆர்.பி.எம்மில், இவ்வளவு மிதித்தால், எத்தனை டீசல், எந்த அழுத்தத்தில், எந்த நேரத்தில் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்கள். அவற்றுக்கு மேலே காவலாகச் சில வரம்புகள்: இழுவை இதற்கு மேல் போகக் கூடாது, புகை இதற்கு மேல் வரக் கூடாது, இவ்வளவு சூடானால் டீசலைக் குறை. ரீமேப் செய்கிறவர்கள் அந்த ஃபைலை வெளியே எடுத்து, எண்களைக் கூட்டி, வரம்புகளைத் தள்ளி வைத்து, மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். டர்போ டீசலில் கால் பங்கு இழுவை கூடும் என்பது சர்வ சாதாரணமாகச் சொல்லப்படும் கணக்கு. கூடவும் செய்யும். ரீமேப் செய்த நண்பர் ஒருவரின் காரை நானே ஓட்டிப் பார்த்தேன். ஆர்.பி.எம் இரண்டாயிரத்தைத் தொட்டதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாமக்கல்காரனுக்கு இது புது வித்தையும் அல்ல. காமன் ரெயில் வருவதற்கு முன்பே இங்கே ரீமேப் இருந்தது. கையில் ஸ்பேனர் மட்டும்தான் இருந்தது. லாரிகளில் மைக்கோ பம்ப் இருந்த காலம். போஷ் கம்பெனியின் இந்தியப் பெயர்தான் மைக்கோ; 2008-ல்தான் அது போஷ் என்று பெயர் மாறியது. அந்தப் பம்பில் அதிகபட்ச டீசல் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் ஒரு திருகு உண்டு. அதைக் கம்பி போட்டு, ஈயத்தால் சீல் வைத்து அனுப்புவார்கள். சீலை உடைத்துத் திருகைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி பறக்கும். பின்னால் கரும்புகை எழும்பும். என் அப்பா லாரி ஓட்டியவர். பம்பைக் கூட்டி வைத்த வண்டி எது என்பதை அவர் ரோட்டில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. ஷெட்டில் நிற்கும் வண்டியின் சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கரும்புகை என்பது முழுதாக எரியாத டீசல்தான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். டீசல் எஞ்சின் சுத்தமாக ஓட அதைவிடவும் கூடுதலாகவே காற்று கேட்கும். திருகைத் திருப்பினால் டீசல் கூடுமே தவிர காற்று கூடாது. காற்றைத் தாண்டிப் போன டீசல் புகையாகவும் சூடாகவும் வெளியே வரும். அந்தச் சூட்டில் பிஸ்டன் தலை உருகிய லாரிகளை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. அப்படியும் ஏன் செய்தார்கள் என்றால், லோடு ஏற்றி மலை ஏற வேண்டியிருந்தது, டிரிப் அடிக்க வேண்டியிருந்தது. காரணம் இன்றைக்கும் அதேதான்.

பையன் லேப்டாப்பில் இரண்டு கோடுகள் காட்டினான். நீலம் கம்பெனி கொடுத்தது, சிவப்பு அவன் கொடுக்கப்போவது. சிவப்பு மேலே போய் வளைந்திருந்தது. "இது என் வண்டியில அளந்ததா தம்பி?" என்று கேட்டேன். இல்லை, இந்த எஞ்சின் வகைக்குப் பொதுவாக வருவது என்றான். டைனோவில் ஏற்றி அளக்க வேண்டும் என்றால் தனிச் செலவு. சரி, ஃபைலை மாற்றுவது நீதானே என்று கேட்டேன். கேட்டிருக்காவிட்டால் அன்றே பணத்தைக் கொடுத்திருப்பேன்.

"இல்லைங்கண்ணா. நாங்க ரீட் பண்ணி அனுப்பிருவோம். அவங்க மாத்திட்டுத் திருப்பி அனுப்புவாங்க. ஒரு மணி நேரம்தான் ஆகும்."

"அவங்கன்னா?"

"ஃபைல் சர்வீஸ்ங்க. வெளிநாடு."

இந்தத் தொழிலே பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஊர் ஊராகக் கேபிளோடு வருகிறவர்களில் பலர் ஃபைலைப் படித்து எழுத மட்டுமே தெரிந்தவர்கள். எண்களை மாற்றுவது எங்கோ உட்கார்ந்திருக்கும் வேறொருவர். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். என் வேன் பன்னிரண்டு பேரோடும் அவர்களுடைய சமையல் பாத்திரங்களோடும் கொல்லிமலை ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் ஏசியோடு ஏறும் என்பதும் தெரியாது. ஊட்டிக்குப் போனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்; ஆனால் நான் ஊட்டிக்குப் போவேன் என்பது தெரியாது.

உயரம் சின்ன விஷயம் அல்ல. மெல்லிய காற்றில் அதே அளவு அழுத்தம் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். ஏற்கனவே நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சமாச்சாரம் அது. அதனால்தான் மலை ஏற ஏற, வெளிக் காற்றின் அழுத்தத்தை அளந்து, ஈசிஎம் தானாகவே டீசலையும் டர்போவையும் குறைத்துக்கொள்கிறது. மேலே போனால் வண்டி கொஞ்சம் சோம்பல் படுவது அதனால்தான். அந்தச் சோம்பலையும் சேர்த்து நீக்கிவிட்ட ஃபைல் என்றால், சமவெளியில் சொகுசாக ஓடும். ஊட்டி லவ்டேலுக்குப் பக்கத்தில் டர்போவின் பேரிங்குக்கு ஆயுள் குறையும்.

கம்பெனி கட்டி வைத்திருக்கிறான் என்ற பேச்சுக்கு ஆதாரமாக எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: ஒரே எஞ்சினை ஒரு காரில் குறைந்த குதிரைத் திறனிலும் இன்னொரு காரில் கூடுதலாகவும் விற்கிறார்களே, வித்தியாசம் சாஃப்ட்வேர்தானே என்று. நம் ஊரில் அதிகம் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி ஸ்விஃப்டில் 75 குதிரை, எர்டிகாவிலும் சியாஸிலும் 90. ஆனால் 90 குதிரை வண்டியில் இருந்தது வேறு டர்போ. இறக்கைகள் திசை மாறக்கூடிய வகை. 75-ல் இருந்தது சாதாரண டர்போ. இரும்பும் சேர்ந்துதான் மாறியிருக்கிறது. இதைச் சொல்லாமல் குதிரைகளை மட்டும் எண்ணிக் காட்டுவார்கள்.

இவ்வளவும் யோசித்தும் ஆசை விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர், மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் என்று வைத்தால் நானூறு லிட்டர். பையன் சொன்னபடி லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் மாதம் முப்பத்தாறு லிட்டர் மிச்சம். டீசல் 92 ரூபாய் என்றால் மூவாயிரத்து முந்நூறு. அவன் கேட்டது இருபத்தையாயிரம். எட்டு மாதத்தில் போட்டது கைக்கு வந்துவிடும். காகிதத்தில் இவ்வளவு அழகாக வருகிற கணக்கை நம்பக் கூடாது என்பது வேன் தொழிலில் பாலபாடம். இழுவை கூடியதும் மைலேஜ் கூடும் என்பது கால் பழையபடியே மிதித்தால்தான். கூடுதல் இழுவை கிடைத்த பிறகு பழையபடி மிதிக்கிற கால் யாருக்கு இருக்கிறது? எனக்கு இல்லை. கூடின இழுவை முதலில் போய் முட்டுவது கிளட்ச் பிளேட்டில். அது ஒருமுறை வழுக்க ஆரம்பித்துவிட்டால் கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலியோடு சேர்த்து என் எட்டு மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அப்பாவோடு பழகிய பம்ப் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். மைக்கோ பம்ப் காலத்து ஆள். இப்போது அவருடைய மகன்தான் இன்ஜெக்டர் டெஸ்ட் பெஞ்சைப் பார்த்துக்கொள்கிறார். ரீமேப் பற்றி அவரிடம் கேட்கப் போனேன். வேண்டாம் என்று சொல்வார், நாம் பதிலுக்கு வாதாடலாம் என்று தயாராகத்தான் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

"பண்ணிக்கலாம் கண்ணு. இப்ப உன்ற வண்டி கம்பெனி கொடுத்த பவரையாச்சும் கொடுக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. ஸ்டாண்டில் யாரும் இதைக் கேட்டதில்லை.

மகன் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றினார். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அளவுக் கோடு போட்ட நான்கு சின்ன பாட்டில்களை வரிசையாகக் கம்பியில் தொங்கவிட்டார். இன்ஜெக்டருக்குள் போகும் டீசலில் தெளித்தது போக மிச்சம் இந்த வழியாகத்தான் டேங்குக்குத் திரும்பும். நல்ல இன்ஜெக்டர் கொஞ்சமாகத் திருப்பும். தேய்ந்தது நிறையத் திருப்பும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓட, நாங்கள் மூவரும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்று, இரண்டு, நான்காவது பாட்டில்களில் டீசல் சொட்டுச் சொட்டாக ஏறியது. மூன்றாவதில் நூல் பிடித்தாற்போல் ஓடியது. மற்றவை கால்வாசி வருவதற்குள் அது பாதியைத் தாண்டிவிட்டது.

காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். வேன் டயரில் நாம் அடைக்கும் காற்றைப் போல் நானூறு மடங்கு. அந்த அழுத்தத்தை ஒரு இன்ஜெக்டர் கசியவிட்டுக்கொண்டிருந்தால் ஏற்றத்தில் பம்ப் என்ன செய்யும்? திணறும்.

அதோடு நிற்கவில்லை. பெரியவர் குனிந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரலை ஓட்டினார். விரலில் எண்ணெய்ப் பசை. மேலிருந்து பார்த்தால் புது ஹோஸ் மாதிரி இருக்கும்; அடியில், கிளாம்ப் பக்கத்தில், நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கையால் விரித்தால்தான் திறக்கும். டர்போ காற்றைத் தள்ளும்போது தானாகத் திறந்துகொள்ளும். டர்போ கஷ்டப்பட்டுச் சேர்த்த காற்றில் ஒரு பங்கு ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வைக் கழற்றியபோது உள்ளே தார் மாதிரி கரி அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்த கிண்ணத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இந்த நிலையில் ரீமேப் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவரே சொன்னார். புது ஃபைல் இன்னும் அதிகமாக டீசலைத் தெளிக்கச் சொல்லும். காற்று ஹோஸ் வழியாக வெளியே போகும். மூன்றாவது இன்ஜெக்டர் ஒழுங்காகத் தெளிக்காது. புகை, சூடு, பிஸ்டன். "அந்தக் காலத்துல திருகைத் திருப்பினவன் செஞ்சதும் இதே வேலைதான் கண்ணு. அவனும் ஹோஸைப் பாக்கல."

ஒரு இன்ஜெக்டர், ஒரு ஹோஸ், ஏர் ஃபில்டர், இஜிஆர் சுத்தம். செலவு ரீமேப்புக்குக் கேட்டதைவிடக் குறைவுதான். அடுத்த கொல்லிமலை டிரிப்பில் ஏசியை அணைக்கவில்லை.

நியாயமாக இந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். வண்டி சரியான பிறகும் ரீமேப் ஆசை அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது, எனக்கு வேண்டியிருந்தது இழுவை இல்லை. சேலம் தாண்டி உளுந்தூர்பேட்டை ரோட்டில் ராத்திரி ஓட்டும்போது ஆம்னி பஸ்கள் சர்சர்ரென்று தாண்டிப் போகும். என் வேன் 80-ல் நின்றுவிடும். எவ்வளவு மிதித்தாலும் 80. போக்குவரத்து வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் என்று 2015-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சில சிறிய வகைகள் தப்பின, பன்னிரண்டு சீட் தப்பவில்லை. பையன் போகிறபோக்கில், "லிமிட்டையும் எடுத்து விட்டுரலாம்ங்கண்ணா, அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்று சொல்லியிருந்தான். என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஒரு வரிதான். இருபத்தைந்து குதிரைகளும் அதற்கு ஒரு சாக்கு.

இதை வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பயணிகளிடம் நிதானமாக ஓட்டுவேன் என்று பேர் வாங்கியவன் நான். அந்த நிதானத்தில் பாதி ஈசிஎம்முக்குள் இருக்கும் ஒரு எண்ணின் உபயம் என்று அவர்களுக்குத் தெரியாது.

சட்டம் இதில் குழப்பம் இல்லாமல்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரமும் ஆர்.சி.யில் இருக்கும் விவரமும் மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதிக்காத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பாரத் ஸ்டேஜ் 4 டீசலுக்குப் புகைச் சோதனையில் 50 ஹார்ட்ரிட்ஜ் அளவுக்குள் நிற்க வேண்டும். நடைமுறையில் ஃபைலைத் திறந்து பார்க்கிற அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. சாஃப்ட்வேரில் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் டீசல் வண்டிகளில் சோதனையை ஏமாற்றும் சாஃப்ட்வேர் வைத்து மாட்டிக்கொண்டதே அதற்குச் சாட்சி. ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் வேறு ஜாதி மனிதர். பெரிய விபத்து என்றால் ஈசிஎம்மை எடுத்துக்கொண்டு போகக்கூடியவர். சொல்லாமல் செய்த மாற்றம் என்பது கிளைமை மறுக்க நாமே எழுதிக் கொடுக்கும் காரணம்.

என்னைத் தடுத்தது சட்டம் என்று சொன்னால் அதுவும் மைலேஜ் மாதிரி ஒரு பொய்யாகிவிடும். தடுத்தது ஆக்டிங் டிரைவர்.

சீசனில் எல்லா டிரிப்பையும் நானே ஓட்ட முடியாது. கல்யாண மாதத்தில் ஆக்டிங் டிரைவர் போட்டுத்தான் அனுப்புவேன். யார் கிடைக்கிறார்களோ அவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் முதல் நாள் வேறு வண்டியில் திருப்பதி போய்வந்து, தூங்காமல் என் வண்டியில் ஏறுகிறவர்கள். அவர்கள் கையில் நான் கொடுப்பது கம்பெனி ஓட்டிப் பார்த்து, சூட்டிலும் குளிரிலும் உயரத்திலும் சோதித்து, இதற்கு மேல் போகாதே என்று வரம்பு போட்ட வண்டி. அந்த வரம்புக்கும் எஞ்சின் உண்மையில் உடைகிற இடத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். பையன் கட்டிக் கிடக்கிறது என்று சொன்ன குதிரைகள் அங்கேதான் இருக்கின்றன. கலப்பட டீசல் அடித்த நாளுக்கும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்த நாளுக்கும், சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றிய நாளுக்கும், தூங்காத டிரைவருக்கும் அந்த இடம் வேண்டும். நான் ஒருவனே ஓட்டுகிற வண்டி என்றால் அதை எடுத்துச் செலவு செய்ய எனக்கு உரிமை உண்டு என்று வாதாடலாம். வாடகை வண்டியில் அது என் ஒருவன் சொத்து இல்லை.

இறக்கத்தைப் பற்றி ரீமேப் பேச்சில் யாரும் வாயே திறப்பதில்லை. மலையில் ஆளைக் கொல்வது ஏற்றம் அல்ல, இறக்கம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில் பர்லியாரில் நிறுத்திப் பாருங்கள்; பிரேக் லைனிங் கருகிய வாடை அடிக்கும். ஏறின கியரிலேயே இறங்கு என்று அப்பா சொல்லிக் கொடுத்தது அந்த ரோட்டுக்காகத்தான். எஞ்சினில் கால் பங்கு இழுவையைக் கூட்டினால் பிரேக்கில் ஒரு நூல் அளவும் கூடாது. ஏற்றத்தில் மூன்றாவதில் துள்ளி ஏறிப் பழகிய ஆள் இறக்கத்திலும் மூன்றாவதிலேயே விடுவான். எந்த ஃபைலும் அதைச் சரி செய்யாது.

பையனைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ரீமேப் வேண்டாம் என்றால் குறைந்த விலையில் டியூனிங் பாக்ஸ் இருக்கிறது, கழற்றி மாட்டலாம், சர்வீஸுக்கு விடும்போது தெரியாது என்றான். அது செய்கிற வேலை எனக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. ரெயிலில் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லி ஈசிஎம்மை நம்பவைத்து, அதுவாகவே அழுத்தத்தைக் கூட்டும்படி செய்வது. அதற்கும் வேண்டாம் என்றேன். பிறகு ஒரு பிரேக் லைனிங் செட் வாங்கினேன், தேய்வதற்கு முன்பே.

ரீமேப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொந்தக் கார், ஒரே ஆள் ஓட்டுவது, பெரும்பாலும் சமவெளி, இன்ஜெக்டரும் டர்போவும் கிளட்சும் நல்ல நிலை, ஆர்.டி.ஓ.விடமும் இன்சூரன்ஸிலும் மறைக்க எதுவும் இல்லை என்றால் அது வேறு கதை. ஆள் ஏற்றி வாடகைக்கு மலை ஏறும் டீசல் வேனுக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.

இதற்குப் பிறகும் செய்வேன் என்கிறவர்களுக்கு: முதலில் அந்த நான்கு பாட்டில் சோதனையைச் செய்யுங்கள், ஹோஸின் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். வண்டி அதன் சொந்த பவரைக் கொடுக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ரீமேப் செய்ய வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஃபைலை மாற்றுவது நீயா, வேறு ஆளா? முன்னும் பின்னும் என் வண்டியையே டைனோவில் ஏற்றி அளந்து காட்டுவாயா? கம்பெனியின் பழைய ஃபைலைப் பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுப்பாயா? மூன்றாவதற்கு முடியாது என்றால் சாவியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.